பல்லடத்துக்குப் பிரபஞ்சம் எதற்கு?

பல்லடத்தில் ஒரு வாசகர் கூட்டம். என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நாவல் எழுதுகிறவன் நாவலைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது சம்பிரதாயம். அன்றைக்கு நான் அதை மீறினேன். பிரபஞ்சம் பிறந்த புதிதில் புறப்பட்ட வெளிச்சம் இன்றைக்கும் நம் தலைமேல் விழுந்துகொண்டிருக்கிறது. அதை ஆராய்வதற்கு ஒரு செயற்கைக்கோள் வேண்டுமென்று நம் நாட்டு விஞ்ஞானிகள் 2018-இல் திட்டம் எழுதி இஸ்ரோவிடம் கொடுத்தார்கள். அது இன்னும் விண்ணில் ஏறவில்லை. ஏறத்தான் வேண்டும் என்று பேசினேன்.

நன்றி சொல்ல எழுந்த பெரியவர் நன்றியோடு நிறுத்தவில்லை. "ஆயிரம் அடிக்குக் கீழே துளை போட்டும் தண்ணீருக்குப் பதில் புகை வருகிற ஊர் இது. விசைத்தறிக்குக் கூலி உயர்த்திக் கேட்டுத் தறியை நிறுத்திவிட்டு உட்காருகிற ஊர் இது. இங்கே வந்து பிரபஞ்சம் எப்படிப் பிறந்தது என்று கேட்கிறாரே, அது எப்படிப் பிறந்தால் நமக்கு என்ன? பிறந்துவிட்டது, நாமும் மாட்டிக்கொண்டோம்" என்றார். சபை கைதட்டிற்று. எனக்குக் கிடைத்ததைவிட நிச்சயமாக அதிகமான கைதட்டல்.

அவர் கெட்டிக்காரர், நல்லவரும்கூட என்று தோன்றுகிறது. ஆனால் அவர் சொன்னது தவறு. அதை அங்கேயே சொல்லியிருப்பேன். தேசிய கீதம் பாடிவிட்டார்கள். ஆகையால் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். பிரபஞ்சம் தறிக்காரருக்கு வேண்டாம் என்று சொன்னது யார்? தறிக்காரரா? கிடையாது. மேடையில் இருந்த, தறி ஓட்டாத ஒருவர் சொன்னார். தறி ஓட்டுகிற ஒருவர் என்ன சொன்னார் என்பதை நான் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டேன். ஐம்பது வயது இருக்கும். சட்டைக் காலரிலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. அந்த வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி வருதுன்னு சொன்னீங்க. எங்க தறிக் கொட்டாய்க்குள்ள நின்னா எல்லாப் பக்கமும் ஒரே சத்தந்தான் கேக்குமுங்க. அதுக்காக அது தூரத்துல இருந்து வருதுன்னு சொல்ல முடியுங்களா? இதுவும் அப்படி நம்மளைச் சுத்தியே இருக்கற சமாச்சாரமா இருந்துட்டா என்ன பண்றதுங்க?"

வாசகரே, இந்தத் துறையில் அறுபது வருஷமாக விஞ்ஞானிகளைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். இதைக் கேட்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய கொட்டாயின் சத்தம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அவருக்கு நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

1964-இல் அமெரிக்காவில் ஹோம்டெல் என்ற இடத்தில், பென்ஸியாஸ், வில்ஸன் என்று இருவர் பெரிய கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஓர் இரைச்சல். பகலிலும் இரவிலும், எந்தத் திசையில் திருப்பினாலும், மாறாத இரைச்சல். அவர்கள் உடனே "பிரபஞ்சத்தின் பிறப்பைக் கண்டோம்" என்று கூவவில்லை. நம் தறிக்காரரைப் போலவே பக்கத்தில் தேடினார்கள். நகரத்திலிருந்து வருகிறதா என்று பார்த்தார்கள். கருவியின் மூட்டுகளைச் சோதித்தார்கள். உள்ளே இரண்டு புறாக்கள் குடித்தனம் நடத்தி எச்சமிட்டிருந்தன; புறாவை விரட்டி எச்சத்தைக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. அப்புறந்தான் 1965-இல் உலகத்துக்குச் சொன்னார்கள். 1978-இல் நோபல் பரிசு வந்தது.

அந்த இரைச்சல்தான் ஆதி வெளிச்சம். பிறந்து ஏறத்தாழ 3,80,000 வருஷம் வரைக்கும் பிரபஞ்சம் கொதிக்கும் மூடுபனியாக இருந்தது. கட்டற்றுத் திரிந்த எலெக்ட்ரான்களில் மோதி மோதி வெளிச்சம் வழி தெரியாமல் அலைந்தது. சூடு சுமார் மூவாயிரம் டிகிரிக்குத் தணிந்ததும் எலெக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கின, பனி விலகிற்று, வெளிச்சம் புறப்பட்டது. 1,380 கோடி வருஷம் கழித்து அது நம்மிடம் வந்து சேருகிறபோது, பிரபஞ்சம் விரிந்ததனால் அலையும் ஆயிரத்து நூறு மடங்கு நீண்டு, நுண்ணலையாகக் குளிர்ந்து போயிருக்கிறது. இப்போது அதன் வெப்பநிலை உறைநிலைக்கும் 270 டிகிரி கீழே. வீட்டில் பழைய டெலிவிஷன் பெட்டி இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: நிலையம் கிடைக்காதபோது திரையில் புள்ளிமழை பெய்யும். அதில் நூற்றில் ஒரு பங்கு அந்த வெளிச்சம். பல்லடத்திலும் பெய்திருக்கிறது.

இதில் இன்னும் நுட்பமான ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. அதற்குப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் தளவிளைவு என்று பெயர். ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கயிற்றைக் கட்டி மேலும் கீழுமாக உதறினால் அலை கம்பிகளுக்கு இடையே புகுந்து போகும். பக்கவாட்டில் உதறினால் போகாது. வெளிச்சமும் அப்படி ஒரு திசையில் அதிகமாக அதிர்வதுண்டு. வண்டி ஓட்டுகிறவர்கள் போடும் கூசாத கறுப்புக் கண்ணாடிகளில் சில இந்த விஷயத்தை வைத்துச் செய்யப்பட்டவை. அதை ஒரு கண்ணுக்கு முன் பிடித்து, சூரியனுக்குப் பக்கவாட்டில் இருக்கும் நீல வானத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சுழற்றுங்கள். வானம் கறுத்தும் வெளுத்தும் மாறும். சிதறி வருகிற வெளிச்சம் ஒரு திசையில் அதிர்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921-இல் சீமையிலிருந்து கப்பலில் திரும்புகிறபோது இதைப் பார்க்கிற ஒரு பட்டகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கடலின் நீலத்தை ஆராய்ந்தார்.

ஆதி வெளிச்சமும் கடைசியாக எலெக்ட்ரானில் மோதிச் சிதறித்தானே புறப்பட்டது? ஆகவே அதிலும் இந்தச் சாய்வு இருந்தாக வேண்டும் என்று 1968-இல் மார்ட்டின் ரீஸ் எழுதினார். 2002-இல் தென் துருவத்தில் இருந்த தாஸி என்ற கருவி அதைக் கண்டுபிடித்தது. தறிக்காரரின் சந்தேகத்துக்கும் இதில் ஒரு பெரிய விடை இருக்கிறது. இந்தச் சாய்வும் வெப்பநிலையின் ஏற்றத் தாழ்வும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்த வேண்டும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வந்து சேர்ந்தது அந்தக் கணக்கின்படியே இருந்தது. பக்கத்திலிருந்து வருகிற ஏதோ ஓர் இரைச்சல் அந்தக் கணக்குக்கு ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை.

இந்தச் சாய்வுகளை வானமெங்கும் கோடு கோடாக வரைந்து பார்த்தால் இரண்டு விதமான கோலங்கள் வரும். ஒன்று நேர்க்கோலம். இன்னொன்று சுழி. காங்கேயம் மாடு வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பது நம் பக்கத்துக்குத் தெரியாததல்ல. இவர்களும் சுழிதான் பார்க்கிறார்கள். பிரபஞ்சம் பிறந்த முதல் நொடியின் மிகமிகச் சிறிய பங்கில் அது திடீரென்று பிரம்மாண்டமாக வீங்கியது என்று ஒரு கொள்கை. அது உண்மையானால் அப்போது ஈர்ப்பலைகள் எழுந்திருக்கும். எழுந்திருந்தால் ஆதி வெளிச்சத்தில் சுழியை விட்டுப் போயிருக்கும். அந்தச் சுழி கிடைத்தால், மனிதன் எட்டக்கூடிய ஆகப் பழைய சாட்சி அதுதான்.

2014 மார்ச் 17-இல் அது கிடைத்துவிட்டதாக பைசெப்-2 என்ற குழுவினர் அமெரிக்காவில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிச் சொன்னார்கள். தென் துருவத்தில் மூன்று வருஷம் வானத்தின் ஒரு துண்டைப் பார்த்திருந்தார்கள். ஷாம்பெயின் புட்டி திறந்தார்கள். நோபல் பரிசு யாருக்கு என்று பேச்சு நடந்தது. சில மாதங்களில் சந்தேகம் கிளம்பியது. நம் நட்சத்திர மண்டலத்திலேயே மிதக்கிற தூசி, காந்தப் புலத்தில் வரிசையாக நின்றுகொண்டு இதே மாதிரிச் சுழியைக் காட்டும். ஐரோப்பியரின் பிளாங்க் செயற்கைக்கோள் பல அலைவரிசைகளில் வானத்தைப் படம் எடுத்திருந்தது. அந்தத் துண்டு வானத்திலும் போதுமான தூசி இருக்கிறது என்று செப்டம்பரில் அது காட்டியது. 2015-இன் தொடக்கத்தில் இரண்டு குழுவும் உட்கார்ந்து ஒரே கட்டுரை எழுதின. ஆதிச் சுழி என்று உரிமை கொண்டாடச் சான்று இல்லை, கண்டதில் பெரும்பங்கு தூசி என்று உலகறிய ஒப்புக்கொண்டார்கள். அதே குழுவினர் அதற்குப் பிறகும் விடாமல் அளந்து, சுழி இருந்தால் அது இவ்வளவுக்கு மேல் இருக்காது என்று 2021-இல் வரம்பு கட்டினார்கள். முதலில் சொன்ன அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட அந்த வரம்பு இல்லை.

தறிக்காரர் இதைக் கேட்டுவிட்டுத் தம் தோளைத் தட்டிக் கொஞ்சம் பஞ்சைப் பறக்கவிட்டார். "தூசின்னு ஒத்துக்கிட்டாங்களா? பரவாயில்லீங்களே" என்றார்.

பரவாயில்லை மட்டுமா? இந்த நாட்டில் மேடை ஏறித் தவறு செய்தவர்கள் எத்தனை பேர் அதே மேடையில் ஏறித் தவறு என்று சொன்னதைப் பார்த்திருக்கிறோம்? அரசியலில் உண்டா? சினிமாவில் உண்டா? எழுத்தாளர்களாகிய எங்களிடம் உண்டா? என்னையும் சேர்த்தே கேட்கிறேன். இந்த விஞ்ஞானத்தைப் பல்லடத்துக்கு வேண்டாம் என்பவர்கள், கூடவே இந்தப் பழக்கத்தையும் வேண்டாம் என்று சொல்கிறார்கள்.

தூசியைப் பிரித்தெடுக்க ஒரே வழிதான் உண்டு. பல அலைவரிசைகளில் பார்க்க வேண்டும். பூமியின் காற்று மண்டலம் அவற்றில் பலவற்றை மறைப்பதால் விண்ணுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் 2018-இல் எழுதிக் கொடுத்த சி.எம்.பி.-பாரத் என்ற திட்டம் இதற்காகத்தான். பல நிறுவனங்களைச் சேர்ந்த இந்திய விஞ்ஞானிகள் ஒன்றாகக் கூடி எழுதியது. நம்மால் ஆகுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: 2024 ஜனவரி முதல் தேதியன்று இஸ்ரோ விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்போசாட், எக்ஸ் கதிர்களின் தளவிளைவை அளப்பதற்கென்றே போனது. அதன் முக்கியக் கருவியைப் பெங்களூரில் ராமன் பெயரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் செய்தார்கள். நுண்ணலைக்கு வேண்டிய கருவி அதைவிடக் கடினம். உறைபனியைவிடப் பன்மடங்கு குளிர்ச்சியில் வேலை செய்ய வேண்டும். கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடினம் என்பது வேறு, நமக்கு எதற்கு என்பது வேறு.

பெரியவரின் வாதத்துக்கு வருகிறேன். தண்ணீர் இல்லாத ஊரில் வானம் எதற்கு என்றார். மழை பெய்து வெறித்த காலையில் பல்லடத்துக்கு வெளியே மேட்டில் நின்றால் வடமேற்கே நீலகிரி கோடாகத் தெரியும். அந்த மலைமேல் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை பதினோரு டிகிரி. வடக்குத் தெற்காக அதே பதினோரு டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து, கோவிந்த் ஸ்வரூப் என்பவரும் அவருடைய இளைஞர்களும் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தைத் தொடரலாம். ஏழை நாட்டு மூளை செய்த சிக்கனம் அது.

கட்டியது எப்போது? 1965-இல் ஆரம்பித்து 1970-இல் முடித்தார்கள். அந்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள். மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்கு நாடு காத்திருந்த காலம். தமிழ்நாட்டில் அரிசிக்குக் கியூவில் நின்ற காலம். அன்றைக்கும் "இப்போது வானம் எதற்கு" என்று கேட்டிருக்கலாம். அதே பத்து வருஷத்தில்தான் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலையும் வெட்டினார்கள்; அந்தத் தண்ணீர்தான் பல்லடம் பக்கத்துக் காட்டுக்கும் வருகிறது. தொலைநோக்கி கட்டியதால் வாய்க்கால் நின்றதா? ஒரு நாடு இரண்டையும் செய்தது. இன்றைக்குத் தண்ணீர் இல்லையென்றால் அதற்குக் காரணமானவர்கள் பூமியில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கத் துணிவில்லாமல் வானத்தைப் பார்க்கிறவனைக் கேட்பது சுலபமான காரியம், கைதட்டலும் கிடைக்கிறது.

என் கட்சிக்காரர்கள் சிலர்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. இந்தக் கேள்வி வந்ததும் அவர்கள் அவசர அவசரமாகப் பட்டியல் நீட்டுவார்கள்: விண்வெளி ஆராய்ச்சியால் அது வந்தது, இது வந்தது, இதுவும் நாளைக்குக் காசாகும் என்று. ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆதி வெளிச்சத்தின் சுழியால் நூல் விலை குறையும் என்று தறிக்காரரிடம் நான் சொல்ல மாட்டேன். அது பொய். அவருக்கு அது தெரியும். அவிநாசித் தேரைச் செய்தபோது நம் பாட்டன்மார் கம்பங்களி குடித்தவர்கள்தான். தேரால் களம் நிறையும் என்றா வடம் பிடித்தார்கள்? வயிற்றுக்கு வெளியேயும் ஏழைக்கு ஒரு வாழ்வு உண்டு. எங்கிருந்து வந்தோம் என்று கேட்கிற உரிமையும் அதில் ஒன்று. சோறும் கேள்வியும் என்று இரண்டை வைத்து, உனக்கு ஒன்றுதான் என்று ஏழையைப் பார்த்துச் சொல்ல நாம் யார்?

அன்று மேடையில் இன்னொருவரும் இருந்தார். அவர் பிரபஞ்சம் வேண்டும் என்ற கட்சி. ஆனால், "இதெல்லாம் நம் முன்னோர் ஞான திருஷ்டியால் அன்றே சொன்னதுதான், வெள்ளைக்காரன் இப்போது செயற்கைக்கோள் விட்டுத் தேடுகிறான்" என்று முடித்தார். அவருக்கும் கைதட்டல். இவரைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். பெரியவர் கதவைச் சாத்துகிறார். இவர் திறந்து பார்த்துவிட்டதாகச் சொல்லிச் சாத்துகிறார்.

முன்னோர்கள் பெரியவர்கள். கேட்டார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் ஒன்று பாருங்கள். 1960-களில் ஃப்ரெட் ஹாயிலும் நம் ஜயந்த் நார்லிகரும் பிரபஞ்சத்துக்கு ஆரம்பமே இல்லை, அது என்றும் நிலைத்தது என்ற கொள்கையை வளர்த்தார்கள். உடனே, "அனாதி என்று நம் முன்னோர் சொல்லவில்லையா?" என்றோம். ஆரம்பம் உண்டு என்று பெருவெடிப்புக் கொள்கை ஜெயித்ததும், "அதையும் நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்களே" என்றோம். எந்தப் பக்கம் விழுந்தாலும் நமக்கே வெற்றி என்றால், நாம் ஒன்றுமே சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

நார்லிகரை எதிர்த்துச் சான்று எங்கிருந்து வந்தது தெரியுமா? முத்தோரையிலிருந்தும் வந்தது. சந்திரன் மறைக்கிறபோது தூரத்து ரேடியோ மூலங்களின் அளவை அந்தத் தொலைநோக்கியால் கணித்தார்கள். பிரபஞ்சம் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது என்று ஸ்வரூப்பும் கபாஹியும் 1975-இல் எழுதினார்கள். நார்லிகர் கடைசிவரை பெருவெடிப்பை ஏற்கவில்லை. ஆதி வெளிச்சம் என்று நீங்கள் சொல்வது நட்சத்திர வெளிச்சம்தான், விண்வெளியில் மிதக்கும் மெல்லிய இரும்பு இழைகள் அதை இப்படி மாற்றியிருக்கின்றன என்று ஹாயிலோடு சேர்ந்து வாதாடினார். பக்கத்துச் சமாச்சாரமாக இருந்துவிட்டால் என்று தறிக்காரர் கேட்டாரே, அதற்கு உறவான கேள்வி. அவர் வாதத்தை உலகம் ஏற்கவில்லை. ஆனால் 1988-இல் புனேயில் அவர் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த ஐயூகா நிலையத்தில், அவர் ஏற்காத கொள்கையை ஆராய்ந்தவர்களுக்குத் தாராளமாக இடம் இருந்தது. சி.எம்.பி.-பாரத் திட்டத்தை முன்நின்று எழுதியவர்களில் தருண் சௌரதீப் அப்போது அந்த நிலையத்தைச் சேர்ந்தவர். 2025 மே மாதம் நார்லிகர் காலமானார். தம்மை மறுக்கிறவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த பெரியவர் என்று அவரை நினைத்துக்கொள்கிறேன். அந்த மாதிரி முன்னோரைப் பற்றிப் பெருமைப்படுவோமே!

டீக்கடையில் பஸ் வருகிற நேரம் தறிக்காரர் இன்னொன்றும் சொன்னார். "என்ற பொண்ணு பிளஸ் டூ படிக்குதுங்க. நீங்க சொன்ன தளவிளைவு அதும் புஸ்தகத்துல இருக்குதுங்க. அஞ்சு மார்க் கேள்வின்னு உருப்போட்டுக்கிட்டு இருந்துச்சு." கறுப்புக் கண்ணாடி வித்தையை அந்தப் பெண்ணுக்குச் செய்து காட்டச் சொன்னேன். எல்லாக் கண்ணாடியிலும் வராது, கடையில் கேட்டு வாங்க வேண்டும் என்றேன். கேட்டு வாங்குவதாகச் சொன்னார்.

அந்தப் பெண் அடுத்த பதினைந்து வருஷத்தில் எங்கே இருப்பாள்? தூசியையும் சுழியையும் பிரிக்கிற வேலை இந்த நாட்டில் இருந்தால் அதில் இருக்கலாம். இல்லாவிட்டால் வேறு நாட்டார் செய்ததைப் பத்திரிகையில் படிக்கலாம். அல்லது அதுவும் முன்னோர் சொன்னதுதான் என்று ஒரு மேடையில் கேட்டுக் கைதட்டலாம். மூன்றில் எது என்பதை அவள் மட்டும் தீர்மானிக்கப்போவதில்லை. திட்டத்தை மேஜையில் வைத்திருக்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். வேண்டாம் என்று கைதட்டி அவர்களுக்குச் சாக்குக் கொடுக்கிற நாமும் தீர்மானிக்கிறோம்.

நன்றியுரை சொன்ன பெரியவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் தண்ணீருக்காக எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன். கூலி உயர்வுக்குக் கையெழுத்து கேட்டாலும் போடுகிறேன். ஆனால் அந்தத் தறிக்காரரின் கேள்வியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள மட்டும் என்னிடம் சம்மதம் கேட்காதீர்கள்.